கம்பளி ஒளிக்காது

இருந்தவர்கள்:
கோகுலன், பரந்தனுக்குக் கிட்ட ஒரு கால்நடைப் பண்ணையின் இரவுக் காவலாளி.
தர்மிளா, அந்தப் பண்ணையின் மிருக வைத்தியர். கோகுலனின் வீட்டு ஆட்டுப் பட்டிக்கு ஊசி போட வந்தவர்.
சுமித்திரா, கோகுலனின் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி. அறைக்குள் படுத்திருக்கிறாள்.
ஒரு செம்மறிக் குட்டி.

— கோகுலன், இது ஆட்டுக்குட்டியோ, தலையணையோ?

— பகிடி விடாதேங்கோ டொக்டர். மெல்லக் கதையுங்கோ. சுமி காய்ச்சலோடை படுத்திருக்கிறா.

— எங்கடை வன்னிச் செம்மறிக்கு மயிர்தான். இதுக்குக் கம்பளி எங்காலை வந்தது?

— பூட்டன் காலத்து ரத்தமாயிருக்கும். என்ரை பெரியப்பாவுக்குச் சுருட்டை, எனக்கு மொட்டை. அப்பிடித்தான்.

— கம்பளி ஒளிச்சிருந்து வராது. தாயிட்டையோ தகப்பனிட்டையோ இருக்கவேணும், இருந்தால் மேலிலை தெரியும். தாய் இந்தா நிக்குது, மயிராடு. தகப்பன் ஆர்?

— பட்டி மேயப் போறது. நான் என்னத்தைக் கண்டன்?

— இந்தப் பக்கத்திலை கம்பளிக் கிடாய் ஒண்டுதான் நிண்டது. மலைநாட்டிலையிருந்து எங்கடை பண்ணைக்கு வந்தது. அதைச் சாக்காட்டிப் புதைக்கச் சொல்லி உங்களிட்டைத்தானே தந்தனான்?

— புதைச்சனான். வெட்டின கிடங்கைக் கண்டனீங்கள்தானே.

— கிடங்கைக் கண்டனான். கிடாய்?

— முதல் ஊசியைப் போடுங்கோ டொக்டர்.

— கோகுலன்!

— அம்மனுக்கு நேந்து விட்டனான். முந்தி ரெண்டு பிள்ளையும் வயித்திலை தங்கேல்லை. சாகப்போற கிடாய்தானே, அம்மாளாச்சி ஏற்பா எண்டு நினைச்சன். நேந்ததைக் கட்டக்கூடாது. அது பட்டியளோடை திரிஞ்சு பிறகு செத்துப்போச்சு.

— அதை ஏன் கொல்லச் சொன்னனான்?

— வருத்தம் எண்டனீங்கள். குட்டி வயித்திலையே கரையிற வருத்தம். ஆட்டுக்கு.

— மனுசருக்கும் தொத்தும். ஈத்துத் தண்ணியிலை இருக்கும், நஞ்சுக்கொடியிலை இருக்கும். பிள்ளைத்தாச்சிக்குத் தொத்தினால் வயித்துப் பிள்ளைக்கு மோசம். இந்தக் குட்டியை ஆர் இழுத்து எடுத்தது?

— நான்தான்.

— எப்ப?

— அமாவாசை இரவு.

— அண்டிரவு பண்ணையிலை எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தது ஆர்? உங்கடை ஆவியோ?

— அவர் இல்லை டொக்டர். நான்தான் எடுத்தனான். குட்டி குறுக்கை கிடந்தது. வெறுங்கையை விட்டு இழுத்தனான்.

— சுமி, நீ ஏன் எழும்பினனீ? உள்ளை போ!

— தங்கச்சி, காய்ச்சல் எத்தினை நாளாய்?

— நாலைஞ்சு நாள். இவர் வெய்யில் எண்டார்.

— ஜீப்பிலை ஏறுங்கோ. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போவம். இப்பவே.

— சுமி, நானும் வாறன். தள்ளி இரு. பிள்ளைக்காகத்தானேயப்பா நேந்தனான்.

— பிள்ளை நேற்றையிலிருந்து அசையேல்லை. நீங்கள் பயந்திடுவியள் எண்டு சொல்லாமல் இருந்தனான். கையை எடுங்கோ. டொக்டர், ஜீப் கதவைச் சாத்திப் பூட்டுங்கோ.