கோட்டுப் பைக்குள் ஒரு பேரம்

டிசம்பர் மாதம். வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணி.

நாலு மணிக்குப் பேய் வருமா என்று சிரிக்காதீர்கள். ஒஸ்லோவில் டிசம்பர் நாலு மணி என்றால் ஊரில் நடுச்சாமம். சூரியன் மூன்றேகாலுக்கே கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடும். மோர்டென்ஸ்ருட் நிலையத்தில் இறங்கி வரிசை வீடுகளுக்குப் போகிற நடைபாதை தெரியும்தானே... ஒரு பக்கம் ஊசியிலை மரம். மற்றப் பக்கம் தள்ளிக் குவித்த பனி. இடையில் ஒரு விளக்கு எரியாது. அந்த விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவில்தான் இது நடந்தது.

நடந்தது நம்முடைய தர்மிகாவின் தூரத்து மாமா ஒருவருக்கு. பத்மநாதன் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். அவர் ஏற்கெனவே ஒருமுறை மாற்றியவர். இன்னொரு முறை மாற்றினால் கோபிக்கமாட்டார். இந்தக் கதையை வாழ்நாளில் ஒரேயொரு ஆளுக்குத்தான் சொன்னாராம். ஆளைச் சரியாகத் தெரிவுசெய்யவில்லை. அதனால்தான் நமக்குக் கிடைத்தது. கிட்ட வந்து இருங்கள். அந்த யன்னல் சரியாகச் சாத்தவில்லை போல...

முதலில் அந்தப் பழைய பெயர். சுபைர். யாழ்ப்பாணம், முஸ்லிம் சனம் இருந்த சோனகதெரு. வாப்பா மீராசாகிபு இரத்தினக்கல் வியாபாரி. கல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. பொருள் நடுவில் இருக்கும். மேலே ஒரு துவாயைப் போடுவார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் உள்ளே போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் விலை, நாலுக்கு மேல் என்றால் இரண்டு தடவையாகப் பிடிப்பார். உதறினால் சரிவராது. முழுக் கையையும் பொத்தினால் முடிந்தது, அதற்குமேல் பேச்சில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் வாயால் சொல்ல வேண்டும். பொருள் எது என்பதை. “பொருளைக் கேளாமல் கை குடுக்கிறவன் வியாபாரியில்லை மகன், அவன்தான் சரக்கு” என்று வாப்பா சிரிப்பார். சுபைர் ஏழு வயதில் விரல் கணக்குப் படித்துவிட்டான். வாய்பாடு அதற்குப் பிறகுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி. தெருவில் இயக்கத்தின் ஒலிபெருக்கி. சோனகர் எல்லாரும் வெளியேற வேண்டும்... இரண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாய் இருந்த சனத்துக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு துவாய் வாங்கக்கூட வாப்பா அதைவிடக் கூட நேரம் எடுப்பார். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். மூன்று மாதத்தில் வாப்பா அங்கேயே அடங்கிப்போனார்.

சுபைர் கொழும்புக்கு வந்தான். பலகைச் சுவர் வைத்த லொட்ஜ். பக்கத்துக் கட்டிலில் யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன், அவனுக்கும் இருபத்திரண்டு வயது. நோர்வேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம், கடவுச்சீட்டு, விசா எல்லாம் கையில். ஆனால் வன்னியில் தங்கச்சி மாட்டுப்பட்டிருந்தாள். அவளை எடுக்கக் காசு வேண்டும். அவன்தான் அசல் பத்மநாதன்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காது இருந்தது. அதனால் சுபைர் அவனுக்கு விரல் கணக்கைச் சொல்லிக் கொடுத்தான். மத்தியானம் படிப்பித்தான். பின்னேரம் அவனோடேயே பேரம் பேசினான். ஈரத் துவாயை மேலே போட்டு, “பொருள் உன்ரை பேர்” என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டான். விரலுக்குப் பத்தாயிரம் என்று கணக்கு, பொடியன் ஏழு விரலில் தொடங்கினான். சுபைர் மூன்றில் பொத்தினான். அரைநாள் மாணவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்...

கடவுச்சீட்டில் படம் மாறியது. சுபைர் பத்மநாதனாகப் பறந்தான்.

இரண்டு வருடம் கழித்து, ஒஸ்லோவில் சீட்டு விளையாடுகிற இடத்தில், புதிதாய் வந்த ஒருவன் ஒரு கதை சொன்னான். அந்த லொட்ஜில் பொலிஸ் சுற்றிவளைப்பு. கையில் ஒரு கடதாசியும் இல்லாத பொடியன் ஒருவனை பொலிஸ் வண்டியில் ஏற்றினார்களாம். “அடிக்க அடிக்க ‘நான் பத்மநாதன், நான் பத்மநாதன்’ எண்டுதான் கத்தினவனாம். பதிவிலை பாத்தா பத்மநாதன் நோர்வேக்குப் போட்டான். பிறகென்ன... களனி ஆத்திலை பிரேதம் எடுத்ததெண்டு சொல்லிச்சினம்.” 

பத்மநாதன் தன் முறை வந்ததும் சீட்டைப் போட்டார். அந்த ஆட்டத்தில் அவர்தான் வென்றாராம்.

அதற்குப் பிறகு முப்பது சொச்ச வருடம். பஸ் ஓட்டினார். சத்தியபாமாவுக்குக் கோயிலில் தாலி கட்டினார். குடும்பம் முழுக்க ஷெல்லடியில் போய்விட்டது என்று சொல்லியிருந்தார். அதற்குமேல் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. ‘வாப்பா’ என்ற சொல் வாயில் வராமல் பல்லைக் கடித்தே பழகினார். ஒரே மகள் நிலூஜா. அவள் “அப்பா” என்று கூப்பிட்ட நாளிலிருந்து, வாங்கிய பெயர் வாங்கிய பெயராக இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நிலூஜாவின் கலியாணம். குருக்கள் ஒரு சின்ன விசயம் கேட்டிருந்தார். கன்னிகாதானத்தில் சொல்வதற்குப் பெண்ணின் பாட்டன் பெயர், பூட்டன் பெயர்.

மூன்று விரலுக்கு ஒரு பெயரும் அதன் முன்னால் ஓர் எழுத்தும்தான் கிடைத்தது. அதோடு பாட்டனும் பூட்டனும் வரவில்லை.

வாயில் வந்த பெயரைச் சொல்லலாமே என்பீர்கள். சத்தியபாமாவின் பெரியப்பா இரத்தினவேல் டொரன்டோவிலிருந்து வந்து இறங்கியிருந்தார். கடவுச்சீட்டில் போட்டிருந்த அதே ஊர்க்காரர். பெயரைச் சொன்னால் எந்த ஒழுங்கை, எந்தப் படலை என்று சொல்லக்கூடிய மனிதர். பொய் என்று அவர் சபையில் ஒரு வார்த்தை சொன்னால் கலியாணம் நிற்கும். நோர்வேக் கடவுச்சீட்டும் போகும். அதெல்லாம் போகட்டும்... மகள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்?

பத்மநாதனுக்கு ஒரு கிழமையாய் நித்திரையில்லை. வீட்டுக்குள் இருந்தால் சுவர் நெருக்கியது. வெளியே போனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை கலியாணத்தில் தெளிக்கப் பன்னீர் வாங்கப் போகிறேன் என்று குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போனார். மொறொக்கோக்காரன் இத்ரீஸின் கடை. அவனிடம்தான் பன்னீர் மலிவு. அதையும் பேரம் பேசி இன்னும் மலிவாக்கினார்.

“நீ இந்து எண்டு சொல்லுறாய். ஆனா என்ரை பெரியப்பா மாதிரி விலை பேசுறாய்” என்றான் இத்ரீஸ், நோர்வேஜிய மொழியில். “உங்கடை தீவிலையும் மூர் எண்டு ஆக்கள் இருக்கினமாமே? எங்கடை சொந்தமோ?”

“அரபு நாட்டு வியாபாரிகளின்ரை வழி எண்டுவினம்” என்றார் பத்மநாதன். “மூர் எண்ட பேர் போர்த்துக்கேயன் வைச்சது. உங்கடை ஆக்களைத் துரத்தின கையோடை கப்பலேறி வந்தவன். அங்கையும் தொழுகிறவனைக் கண்டான். அதே பேரைத் தூக்கி ஒட்டிப்போட்டான்.”

“உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?”

“பள்ளிக்கூடத்திலை படிச்சது.”

இத்ரீஸ் போத்தலைக் கடதாசியில் சுற்றினான். தங்கள் ஆட்கள் ஸ்பெயினில் இருந்த கடைசிக் காலத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயராம். தேவாலயத்துக்கு ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. “என்ரை பெரியப்பா பகிடியாச் சொல்லுவார். ஒருத்தனை இருட்டிலை பின்னாலை நிண்டு கூப்பிட்டுப் பாக்கவேணுமாம். எந்தப் பேருக்குத் திரும்பிறானோ, அதுதான் அவன்.”

பத்மநாதன் மிச்சக் காசை எடுக்க மறந்துபோய் வெளியே வந்தார். அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை.

ரயில். மோர்டென்ஸ்ருட். நடைபாதை. சப்பாத்தின் ஆணி பனிக்கட்டியில் கிறுக்... கிறுக்... என்று கேட்டது. கைபேசி அதிர்ந்தது. எரியாத விளக்கைத் தாண்டி நின்று, வலது கையுறையைக் கழற்றி வாசித்தார். குருக்கள். ‘இண்டைக்குள்ளை பேர்களை அனுப்பிவிடுங்கோ. மிச்சமெல்லாம் ஆயத்தம்.’

கைபேசியை இடது பைக்குள் போட்டார். குளிரில் விறைத்த வலது கையைக் கோட்டின் வலது பைக்குள் விட்டார்.

உள்ளே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

நனைந்த கை. ஊறிப்போய், தோல் சுருங்கின கை. பனியில் வாசமே இருக்காது, தெரியும்தானே... அந்த இடத்தில் ஆற்றுச் சேறு மணந்தது.

இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அந்தக் கை அவருடைய மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தது... பயம் வருவதற்கு முன் பழக்கம் வந்துவிட்டது. அவர் உதறினார்.

பின்னால் யாரோ, “பத்மநாதன்” என்றார்கள். அவர் அசையவில்லை.

கை இரண்டு விரலைப் பிடித்தது. உதறினார்.

“சுபைர்.”

திரும்பினார். பனி. மரம். அவர் நடந்துவந்த காலடி மட்டும்... ஒரேயொரு ஆளின் காலடி. பைக்குள் அந்தக் கை ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

ஒன்று. ஒரு நாள், என்று அவர் நினைத்தார். அந்தப் பொடியன் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கேட்கிறான். கேட்கட்டும். முழுக் கையையும் பொத்தினார். மூன்றை ஒன்றுக்கு இறக்கிவிட்டேன் என்று ஒரு சின்னச் சந்தோசம்கூட வந்ததாம்.

கை போய்விட்டது. பைக்குள் துணி மட்டும், சொட்டச் சொட்ட ஈரம். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. பொருள் எது என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. ‘பேர்கள் கிடைச்சது. சந்தோசம்.’

உடனே குருக்களுக்கு அழைப்பு எடுத்தார். “ஐயா, நான் ஒண்டும் அனுப்பேல்லையே...”

“என்ன பகிடியே? இப்பதானே நீங்கள் எடுத்துச் சொன்னனீங்கள். பாட்டன் ஆறுமுகம், பூட்டன் கதிரித்தம்பி. பக்கத்திலை ஒரே தண்ணிச் சத்தம். ரண்டுதரம் கேட்டெல்லோ எழுதினனான்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நாதஸ்வரம், மல்லிகை, பேப்பர் தட்டில் பலகாரம், ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க மணிக்கூட்டைப் பார்க்கிற நோர்வேஜிய விருந்தாளிகள். பத்மநாதன் பட்டுவேட்டியோடு மணவறையில் இருந்தார். வேர்வை ஓடியது. கண் வாசலுக்கும் மகளுக்கும் இடையில் அலைந்துகொண்டேயிருந்தது. குருக்கள் பெயர்களைச் சொன்னார். கதிரித்தம்பி... ஆறுமுகம்... பத்மநாதன்...

முன்வரிசையில் இரத்தினவேல் எழுந்துவிட்டார். “எட, கதிரித்தம்பியற்றை பூட்டப்பிள்ளையோ இவள்! எங்கடை ஒழுங்கையெல்லோ!” கிழவருக்குக் கண் கலங்கியது. சத்தியபாமா புருசனைப் பெருமையாகப் பார்த்தாள். பத்மநாதன் மூச்சை விட்டார். ஒரு நாள்தான்... பாதி நாள் போய்விட்டது.

தாரை வார்க்கிற நேரம். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை ரிஷிகேசனின் கையில் கொடுக்க வேண்டும். சத்தியபாமா செம்பைச் சரித்தாள். மேலே பட்டுத்துணி. அவர் துணிக்குக் கீழே கையை நீட்டினார்.

மகளின் கை வரவில்லை.

இடையில் இன்னொரு கை இருந்தது. ஊறிப்போன கை. மகளின் கை அதற்குள் பத்திரமாக இருந்தது. அது அவருடைய விரல்களை ஒவ்வொன்றாய்... மெதுவாய்... விலக்கிவிட்டது. “கை குடுத்தாச்சு” என்றார் குருக்கள். கெட்டிமேளம். எல்லோரும் அரிசி எறிந்தார்கள். பத்மநாதனின் கை துணிக்கு வெளியே, வெறுமனே கிடந்தது. பொருள் எது என்று அப்போது தெரிந்தது.

இல்லை, இல்லை... மனப்பிரமை என்று தன்னையே தேற்றிக்கொண்டார். சத்தியபாமா வழக்கம்போலத்தான் கதைத்தாள். “என்னப்பா பேயறைஞ்ச மாதிரி? போங்கோ, பிள்ளையோடை ஒரு படத்துக்கு நில்லுங்கோ.” இரத்தினவேல் தோளில் தட்டினார். எல்லோருக்கும் அவர் பத்மநாதன்தான். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினார். நிலூஜா மாலையோடு நின்றாள். அவரைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினாள். வடிவாய்ச் சிரித்தாள். முன்பின் தெரியாத வயதான ஆட்களுக்குச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு...

“தக்... நன்றி அங்கிள், இவ்வளவு தூரம் வந்ததுக்கு. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்.”

“பிள்ளை... நான்...”

அவள் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தாள். முகம் முழுக்க மலர்ந்தது. குழந்தையாக இருந்தபோது, பஸ் வேலை முடிந்து அவர் வீட்டுக்கதவைத் திறக்கிற நேரம், அப்படித்தான் மலரும்.

“அப்பா! எங்கை போனனீங்கள்? வாங்கோ, படம் எடுக்க!”

அவருடைய முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், “ஓம் பிள்ளை, வாறன்” என்றது ஒரு குரல்.

அந்தக் குரலுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது.