யுலீமர் கடையில் மத்தியானச் சாப்பாடு

“ஹலோ... ஹலோ, நெய்டா? ... ஆமா ஆமா, கேக்குது, சொல்லு... எங்க இருப்பேன், ஆபீஸ்லதான்... இப்பதான் டப்பாவத் தொறந்தேன்.”

மனைவி விடியற்காலையில் கட்டிக்கொடுத்த டப்பா நோட்டரி அலுவலகத்து மேசை இழுப்பறையில் திறக்காமல் கிடந்தது. எடிக்சன் இருந்ததோ லிமாவின் நடு ஊரில், அந்த வாரம்தான் திறந்த வெனிசுவேலாச் சாப்பாட்டுக்கடையில், சுவரோரத்துப் பெஞ்சின் உள்கோடியில். அவனுக்கு இப்பால் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுந்தாலொழிய அவனால் எழ முடியாது.

“சத்தமா? ... அது ரேடியோம்மா... ஆமா, நம்ம ஊர்ப் பாட்டுதான். ஏன், பெருக்காரங்க கேக்கக் கூடாதா? ... தட்டா? ... தட்டு எங்க வந்துச்சு? முத்திரை குத்தறாங்கம்மா. நோட்டரி ஆபீஸ்ல வேற என்ன சத்தம் வரும்?”

பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த கடைக்காரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு அவனிடம் வந்து, குடிக்க என்ன வேணும் என் ராசா, என் உசுரே என்று தெருமுனைக்குக் கேட்கிற குரலில் கேட்டாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சோறு வாங்குகிறவன், பஸ்ஸில் காலை மிதிக்கிறவன் எல்லாருமே ராசாதான், உசுருதான். அதில் ஒரு விகல்பமும் கிடையாது. ஆனால் ஆபீஸில் இருப்பதாகச் சொன்னவனுக்கு அது திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று.

“யாரா? யாரும் இல்லியே... ராசாவா? ... ஐயோ, அப்படியெல்லாம் இல்ல... சரி. சரி சரி, கத்தாத. சொல்லிடறேன். கடைல இருக்கேன். புதுசா தொறந்த நம்ம ஊர்க் கடை... ஆமா, டப்பா ஆபீஸ்ல இருக்கு... ஆமா, பொய்தான்... நெய்டா? ... ஏன் பேச மாட்டேங்கற? ... என்னது? கடைக்காரியோட இடது புருவமா? ... இரு, பாக்கறேன்... ஆமா, நடுவுல ஒரு வெட்டு இருக்கு. முடியில்லாம ஒரு கோடு. உனக்கு எப்படித் தெரி... இரு இரு. இவளா? இவதானா அது?”

நெய்டாவுக்கு யுலீமர் என்று ஒரு தங்கை இருந்தது அவனுக்குத் தெரியும். பார்த்ததில்லை. அக்காவைவிடப் பதினாலு வயது இளையவள். அக்காவே ஞானத்தாயாக நின்று ஞானஸ்நானத்துக்கு ஏந்திப்போன பிள்ளை. எங்கள் நாட்டு மாரக்காய்போவில் அம்மா படுக்கையில் கிடந்தபோது, அவள் தேறியதும் மூன்று பேருமாக நாட்டைவிட்டுக் கிளம்புவதாகப் பேச்சு. யுலீமர் சொல்லாமல் கொள்ளாமல் தனியாகப் பஸ் ஏறிவிட்டாள். அம்மா பத்தொன்பது நாள் வாசலையே பார்த்துக் கிடந்து, சின்னவள் பெயரைச் சொல்லித்தான் கண்ணை மூடினாள். மூன்று வருஷமாக நெய்டாவுக்குத் தங்கை என்று யாரும் கிடையாது. அம்மாவுக்கு உயிரான கறுப்பு பீன்ஸ், இழை இழையாகப் பிய்த்த மாட்டிறைச்சி, சோறு, வாழைப்பழ வறுவல் எல்லாம் சேர்ந்த அந்தத் தட்டும் அவள் வீட்டில் கிடையாது. எடிக்சன் ஒளிந்து வந்ததே அந்தத் தட்டுக்காகத்தான்.

“எழுந்திரிக்க முடியலம்மா, சத்தியமா. நாலு பேரத் தாண்டணும்... இல்ல, இன்னும் வாயில வைக்கவே இல்ல... ரெண்டு வாய். ரெண்டே வாய்தான் நெய்டா... முழுங்கினத எப்படித் துப்பறது? ... வரேன், இதோ கெளம்பிட்டேன்... அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க... அண்ணே! ... அவரு சூப்பு குடிக்கறாரும்மா, நிமிர மாட்டேங்கறாரு. நான் என்ன பண்ணட்டும், தலைமேல ஏறிக் குதிக்கவா?”

பெயரை இத்தனை தரம் சொன்னால் யார் காதில்தான் விழாது? தட்டுகளை எடுக்க வந்த யுலீமர் அப்படியே நின்றுவிட்டாள். எந்த நெய்டா என்று கேட்டாள். குரலில் ராசாவும் இல்லை, உசுரும் இல்லை.

“இல்லங்க, இது வேற நெய்டா. கொலம்பியாக்காரி... உன்கிட்ட இல்லம்மா, இவங்ககிட்ட சொல்றேன்... நீ சும்மா இரு... ஆமாங்க. மாரக்காய்போதான். என் சம்சாரந்தான்... போனக் கேக்காதீங்க, கேக்காதீங்கன்னா! ... நெய்டா, குடுக்கல. குடுக்கவே இல்ல... வீட்டுக்கே வராதன்னா நான் எங்க போறது? ... ஐயோ, அழாதீங்க... உன்ன இல்ல, இவங்கள... ஆமா, அழறா. நின்ன எடத்துலயே நின்னு அழறா.”

இருதலைக் கொள்ளி எறும்பாக அவன் சுவரோடு ஒட்டினான். யுலீமர் போனைப் பறிக்கவில்லை. மேசைமேல் குனிந்து, அவன் காதோரம் இருந்த போனுக்கு வாயைக் கொண்டுபோனாள்.

“ஆசீர்வாதம், அக்கா.”

சொன்னவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

எங்கள் ஜனங்களில், ஆசீர்வாதம் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்று பதில் சொல்லியாக வேண்டும். கொலை செய்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறவன் கேட்டாலும் பெற்றவள் சொல்லுவாள். ஞானத்தாய்க்கும் அதே கடன்தான். பதில் வரவில்லை என்றால் அந்தப் பிள்ளையை அடியோடு தலை முழுகியாயிற்று என்று அர்த்தம். அதை நெய்டாவின் வாயாலேயே தெரிந்துகொள்ளும் துணிச்சல் யுலீமருக்கு இல்லை. பெஞ்சில் இருந்த நாலு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். சூப்புக்காரர்கூட நிமிர்ந்துவிட்டார்.

“நெய்டா? ... இருக்கியா? ... அவ கேட்டது உன் காதுல விழுந்துச்சில்ல? ... மூச்சு வாங்காதம்மா, ஏதாவது சொல்லு... திட்டறதுன்னா என்னத் திட்டிக்க... ஆங்... ஆங், கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சும்மா! இரு, அவகிட்டயே சொல்... ஹலோ? ஹலோ?”

நெய்டா சொல்லிவிட்டாள். கோபம் ஆறியெல்லாம் அல்ல. தூக்கி வளர்த்த பிள்ளை கேட்டதும் மனசு தடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. சொன்ன கையோடு பயந்துபோய் போனை வைத்துவிட்டாள்.

“குடுத்துட்டாங்க! ஆசீர்வாதம் குடுத்துட்டா! என் ரெண்டு காதால கேட்டேன்.”

யுலீமர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். ரேடியோவையும் முத்திரையையும் கொலம்பியாக்காரியையும் கேட்டுக்கொண்டுதானே அவள் இவ்வளவு நேரமும் பரிமாறினாள். உனக்கு நல்ல மனசு, ராசா என்று அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபடி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“பொய்யில்லங்க! இது பொய்யில்ல!”

அவனுக்கு அழுகை வந்தது. நெய்டாவின் எண்ணை மறுபடி அழுத்தினான். மணி அடித்தது. எடுப்பாரில்லை.

“எடு நெய்டா... எடும்மா... அப்பறமா எவ்வளவு வேணாத் திட்டு... இந்த ஒரு வார்த்த நான் சொன்னா செல்லாதுடி.”