மேலே ஆள் இல்லை

வெளியே துணி காய்வதைப் பார்த்தால் எனக்கு ஆகாது, மேடம். வீட்டில்கூடக் கொல்லைப்புறத்தில்தான் கொடி கட்டச் சொல்வேன். என் மனைவி லோகேஸ்வரி இதற்காகவே என்னைக் கேலி செய்வாள். ஆனால் கிள்ளான் தொழிற்பேட்டையில் ஒரு லுங்கி காய்ந்தால் அது வெறும் லுங்கி இல்லை. அங்கே ஆள் குடியிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

என் சாமான் கிடங்கு அந்தப் பேட்டையில்தான் இருந்தது. கீழே எண்ணெய் டின், மாவு மூட்டை, பழைய ஃப்ரீசர். மேல்மாடியில் என் உணவகத்தில் இரவு வேலை பார்க்கும் இரண்டு பேர். ரொட்டி சானாய் போடும் அழகிரி, டீ, தண்ணி கலக்கும் இம்ரான். தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். தொழில்துறை நிலத்தில் யாரும் தங்கக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், வெளிநாட்டு ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இரண்டு மூன்று இடத்தில் கேட்டேன். அதற்குமேல் நான் அலையவில்லை.

முதல் தடவை சோதனைக்கு வந்த நகராண்மை அதிகாரி கொடியில் கிடந்த துணியைப் பார்த்துவிட்டார். இன்னொரு முறை ஆள் இருப்பது தெரிந்தால் கிடங்குக்குச் சீல், கடை லைசென்ஸும் போகும் என்றார். அதன் பிறகு நான் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தேன். ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தேன். அதிகாரிகள் வருவது ஆபீஸ் நேரத்தில். இவர்கள் தூங்குவதும் அந்த நேரத்தில்தான். அதனால் காலையில் அவர்கள் ஏறிப் படுத்ததும் கிரில் கதவை வெளியே பூட்டிவிடுவேன். வெளியே பூட்டுத் தொங்கினால் யார் மேலே ஏறிப் பார்க்கப் போகிறார்கள்? சாயங்காலம் நானே வந்து திறந்துவிடுவேன். ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை.

அழகிரி மட்டும் ஒரு தடவை கேட்டான்.

“அண்ணே, உள்ள ஒரு சாவி இருக்கட்டுமே. ஒரு அவசரம்னா என்ன பண்றது?”

“உள்ள சாவி இருந்தா வெளிய வருவீங்க. வந்தா துணி காயப்போடுவீங்க. உங்களுக்கு என்னா அவசரம்? பேசாம தூங்குங்க லா.”

சிரித்துக்கொண்டே படியேறிப் போய்விட்டான். 

அதிகாரிகள் பிறகும் வந்தார்கள். “அடா ஓராங்?” என்பார்கள், ஆள் இருக்கிறதா என்று. “தடா ஓராங், துவான்,” என்பேன், ஆள் இல்லை ஐயா என்று. பூட்டைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். வணக்கம் சொல்வது போல அது என் வாயில் படிந்துவிட்டது.

தீப்பிடித்த அன்று காலை, அவர்களை வைத்துப் பூட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்துப் பட்டறைக்காரர் போன் செய்தார். நானும் லோகேஸ்வரியும் ஓடினோம். ஃப்ரீசர் வயரில் பற்றியதாம். தீயணைப்பு வண்டி எங்களுக்கு முன்பே வந்திருந்தது. இளவயது வீரர் ஒருவர் பூட்டைக் காட்டி என்னைக் கேட்டார்.

“அடா ஓராங்?”

“தடா ஓராங், துவான்.”

பழக்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று போன வாரம் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். மேலே படுத்திருந்த இரண்டு பேரும் தூக்கத்திலேயே போயிருப்பார்கள் என்றும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சொல்லக் கூசுகிறது, மேடம். ஆனாலும் மிச்சத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வீரர் நம்பவில்லை. நிச்சயமா என்று இன்னொரு தடவை கேட்டார். லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். பழக்கத்தில் செய்கிற காரியமா அது? தீ கீழேதான் எரிகிறது, அணைத்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். லைசென்ஸை நினைத்தேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அவர்கள் தூங்கவில்லை. உள்ளேயிருந்து ஜன்னல் பலகையைத் தட்டினார்கள். தண்ணீர் அடிக்கிற இரைச்சலில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எங்கே காது கொடுக்க வேண்டும் என்று எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். அந்தச் சத்தம் நிற்கிறவரை நான் அவள் கையை விடவில்லை.