குவானின் இல்லாத குடுவை

அண்ணி: இன்னும் சாகலையா?

தம்பி: நீங்களே மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு பாருங்க அண்ணி.

அண்ணி: நகரு... அடேயப்பா! உடம்பு பூரா இருக்கற ரோமத்தைத் துடுப்பா போட்டுக்கிட்டு என்ன ஓட்டம்! பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க தோத்துடும்.

தம்பி: சிரிக்காதீங்க. குவானின்கற சத்து போடாத குடுவை இது. இந்த ஒத்தைச் செல் ஜென்மங்களுக்கு அதைத் தானா செஞ்சுக்கத் தெரியாது. வெளியே இருந்து கிடைச்சாத்தான் உயிர். இந்நேரம் ஒண்ணுகூட மிஞ்சியிருக்கக் கூடாது.

அண்ணி: பாக்டீரியா புகுந்திருக்கும். அதைத் தின்னு...

தம்பி: பார்த்துட்டேன். சுத்தம்.

அண்ணி: அப்ப தானா சமைக்கக் கத்துக்கிச்சோ என்னவோ. உன்னைவிடத் தேவலை.

தம்பி: அண்ணி! முதல் ரெண்டு தடவையும் இப்படித்தான் சாகாம கழுத்தை அறுத்துச்சு. இதுவும் சொதப்பினா ஆராய்ச்சியை மூட்டை கட்டிட்டு வேற வேலை பாருன்னு அண்ணன் சொல்லிட்டார். வீட்டுலதான் அண்ணன். இங்க அவர் கைடு.

அண்ணி: வீட்டுலயும் கைடுதான்... சரி, கொட்டிடு.

தம்பி: கொட்டிடலாம்.

அண்ணி: ஏன்டா உடனே தலையாட்டறே?

தம்பி: நீங்க ஏன் உடனே கொட்டச் சொல்றீங்க?

அண்ணி: நீ முதல்ல சொல்லு.

தம்பி: சனிக்கிழமை பார்த்தேன். எல்லாம் இளைச்சு, நின்ன இடத்துலயே தள்ளாடிக்கிட்டு... மனசு கேக்கலை. குவானின் ஒரு சொட்டு விட்டேன். ஒரே சொட்டு!

அண்ணி: அடப்பாவி! நான் வெள்ளிக்கிழமை ஆய்வகத்தைப் பூட்டறப்பவே விட்டேனே.

தம்பி: எத்தனை சொட்டு?

அண்ணி: அதை ஏன் கேக்கறே... ஐயோ, வர்றார்.

அண்ணன்: என்ன, ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கறீங்க?

தம்பி: சார்... அண்ணா... சாகலை.

அண்ணி: நாங்கதான் ஊட்டினோம். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்.

தம்பி: தப்பு என்னுது. அண்ணியை விட்டுடுங்க.

அண்ணி: திட்டறதுன்னா ரெண்டு பேரையும் திட்டித் தொலைங்க.

அண்ணன்: ம்... இன்னொரு தடவை வை. டாக்டர் பட்டம் எங்கேயும் ஓடிடாது. ஆனா அறையைப் பூட்டி, சாவியைப் பக்கத்து ஆய்வகத்துல குடுத்துடு.

தம்பி: எதுக்கு? உங்ககிட்டயே இருக்கட்டுமே.

அண்ணன்: என்கிட்டயா? முதல் ரெண்டு தடவை அதுங்களுக்கு யார்டா சோறு போட்டது?