அரைப் பக்கக் கடிதங்கள்

— இருங்க, இருங்க. மறுபடி சொல்லுங்கய்யா. எங்கப்பா ஜெயில்ல இருந்து எழுதின பதினாலு கடிதத்தையும் நீங்களா எழுதினீங்க?

— முழுசா நான்னு சொல்ல முடியாதும்மா. முதல் மூணு அவரோடதுதான், அப்படியே நகல் எடுத்தேன். நாலாவதுல இருந்துதான் கை வச்சேன். அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, கால் ஆடும். கட்டில்ல உக்காருங்க.

— நான் நின்னுக்கிட்டே இருக்கேன். நகல்னா என்ன நகல்?

— கைதி எழுதின காகிதம் மதிலைத் தாண்டக் கூடாதுங்கிறது அங்க சட்டம். அவங்க எழுதினதை நான் படிச்சு, ஆகாததை எடுத்துட்டு, அரைப் பக்கத்துக்குள்ள என் கையால எழுதி அனுப்பணும். மாசக் கடைசியில அசலை எரிச்சிடுவோம். பத்து வருஷம் எனக்கு அதான் உத்தியோகம். கடிதம் பாக்கிற குமாஸ்தா.

— வேற யாரும் பாக்க மாட்டாங்களா?

— வெளிய போறதுக்கு நான்தான் கடைசி. முத்திரை என் மேசையிலதான் இருந்துச்சு.

— ஐயா, நாளைக்குக் காலையில பஸ் டிப்போ வாசல்ல அப்பா சிலையைத் திறக்கிறோம். பீடத்துல வரி வெட்டியாச்சு. "ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அந்தத் தெரு முழுவதும் பதில் சொல்ல வேண்டும்." அந்த வரி எதுல?

— ஆறாவது கடிதம்.

— அது அப்பா எழுதினது இல்லையா?

— இல்லம்மா.

— "பஸ்ஸுக்குச் சொந்தக்காரர்கள், ஓட்டுகிறவர்களும் ஏறுகிறவர்களும்தான்."

— அதுவும் இல்ல. ஒன்பதாவது.

— எனக்குத் தலை சுத்துது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல முப்பது வருஷம் சங்கம் நடத்தியிருக்கேன். புதுசா யார் சேர்ந்தாலும் அந்தக் கடிதங்களை அச்சடிச்ச சின்னப் புத்தகத்தைத்தான் கையில கொடுப்பேன். அதைப் படிச்சுப் பொதுவுடைமைக்கு வந்தவங்க எத்தனை ஆயிரம்னு தெரியுமா உங்களுக்கு? நானே அதைப் படிச்சு வந்தவதான்.

— தெரியும்மா. ஒரு தடவை ஊர்வலம் இந்தத் தெரு வழியா போச்சு. எல்லார் கையிலயும் அந்த வரி எழுதின அட்டை. நான் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன். சந்தோஷமா, பயமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே பிடிபடல.

— அப்ப அப்பா என்னதான் எழுதினாரு?

— உங்களைப் பத்தி.

— என்னைப் பத்தியா?

— நாலாவதுல இருந்து ஒவ்வொரு கடிதத்துலயும். அந்த வருஷம் உங்களுக்குக் கால் உடைஞ்சிருந்ததே?

— மாடிப்படியில விழுந்தேன். ஏழு வயசு. ஆறு வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். ஐயா, பதினாலு கடிதத்துல ஒண்ணுலகூட என்னை ஒரு வார்த்தை கேக்கலைன்னு எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா? ஊர் உலகத்துக் குழந்தைங்களை எல்லாம் கேட்டவரு என்னை மட்டும் கேக்கலையேன்னு. அப்புறம் அதுதான் பெருமைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மேடையில கூட சொல்லியிருக்கேன், சொந்தப் பிள்ளையை மறந்து ஜனங்களை நினைச்ச மனுஷன்னு.

— கேட்டாரும்மா. நான்தான் எடுத்துட்டேன்.

— ஏன்?

— அரைப் பக்கம், இருபது வரி. புதுசா ஒண்ணைச் சேர்க்கணும்னா இருக்கிறதுல ஒண்ணை எடுக்கணும்.

— எடுக்க வேற ஒண்ணும் கிடைக்கலையா உங்களுக்கு?

— அப்ப எனக்குப் பிள்ளைங்க இல்ல. இதை ஒரு சமாதானமாச் சொல்லல. அப்படித்தான் இருந்துச்சு, அதனால சொல்றேன்.

— ஒரு வரியாவது ஞாபகம் இருக்கா? ஒண்ணே ஒண்ணு.

— "கட்டுப் பிரிச்சதும் பழைய செருப்பைப் போட விடாதே. அந்தக் கால் கொஞ்ச நாள் வீங்கித்தான் இருக்கும். ஒரு அளவு பெரிசா வாங்கு. வேகமா நடன்னு அவளை அவசரப்படுத்தாதே." இது ஏழாவதுல இருந்தது. என்னம்மா... தண்ணி கொண்டு வரட்டுமா?

— வேண்டாம். பழைய செருப்புதான் போட்டேன். கடிச்சுது. விடுங்க. நீங்க மேல சொல்லுங்க.

— அடுத்தது இன்னும் கஷ்டமான இடம். உங்கப்பா கேட்டது என்ன தெரியுமா? ஒரே ஆளைப் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்ட விடாதேன்னு கேட்டாரு. மழைக்கு டிப்போவுல ஒரு கூரை கேட்டாரு. அவ்வளவுதான். அதுக்குத்தான் ரெண்டு வருஷம் உள்ள போட்டாங்க. உள்ள வந்ததும் மனுஷன் ஒடுங்கிப் போயிட்டாரு. வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்தாரு. நாட்டை மாத்தணும், உலகத்தை மாத்தணும்னு அவர் எழுதி நான் பாத்ததில்ல.

— அப்புறம் எப்படிய்யா அப்படி ஒரு ஆளா வெளிய வந்தாரு? மூணு தடவை திரும்ப ஜெயிலுக்குப் போனாரே. பஸ் கம்பெனியை ஜனங்க கைக்கு மாத்த வச்சாரே. எங்களுக்கெல்லாம் ஒரு பயம்னா அவர் படத்தைப் பாத்துட்டுத்தானே போவோம்?

— அதைத்தான் சொல்ல வர்றேன். விடுதலை ஆகி எட்டாம் நாள் என் குவார்ட்டர்ஸ் வாசல்ல வந்து நின்னாரு. கையில அந்தப் புத்தகம், சுருட்டி வச்சிருந்தாரு. எனக்கு உயிரே போச்சு. வேலை போகும், நானும் உள்ள போவேன்னு நினைச்சேன்.

— அடிச்சாரா?

— படியில உக்காந்துட்டாரு. "இது நான் எழுதலையே"ன்னாரு. ஆமான்னேன். "இருபது பேர் வேலையை விட்டுட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு வந்தோம், அடுத்து என்ன செய்யணும்னு கேக்குறாங்க. நான் அவங்களுக்கு என்னத்தைச் சொல்ல?"ன்னு கேட்டாரு.

— அப்புறம்?

— புத்தகத்தைப் பிரிச்சு ஒரு பக்கத்தை மெதுவா, வாய்விட்டுப் படிச்சாரு. "நான் கூரை கேட்டேன். இது வேற எதையோ கேக்குது. ஆனா தப்பா கேக்கல"ன்னாரு. அப்புறம் மூணு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம வந்தாரு. ஒவ்வொரு வரியா எடுத்து, இதுக்கு என்ன அர்த்தம், இது நடக்குமான்னு கேப்பாரு. எனக்கும் பாதி புரியாது. கடைசி ஞாயிறு எந்திரிக்கும்போது, "உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனா இனிமே இது என்னோடது. இதுல இருக்கிற மாதிரி இருந்து பாக்குறேன்"னாரு. இருந்தாரும்மா. முப்பது வருஷம் இருந்தாரு. அது பொய் இல்ல.

— எங்கம்மாகிட்டயாவது சொன்னாரா?

— நானும் கேட்டேன். "அவ இதைப் படிச்சதுல இருந்து என்னை வேற மாதிரி பாக்குறா. அதை எப்படிக் கெடுக்கிறது"ன்னாரு. சொல்லியிருக்க மாட்டாரு.

— அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பாவம், ஒரு கூட்டத்துக்குக்கூட வந்ததில்ல. துணி தச்சுக்கிட்டு வீட்டோட இருந்தாங்க. நல்லவேளை, இதைக் கேக்காமலே போயிட்டாங்க. ஐயா, எனக்கு உங்க மேல கோவப்படறதா, காலைத் தொட்டுக் கும்பிடறதான்னு தெரியல. என் அப்பாவை என்கிட்ட இருந்து எடுத்ததும் நீங்கதான், எனக்கு ஒரு வழியைக் கொடுத்ததும் நீங்கதான். நாளைக்கு மேடைக்கு வாங்க. நானே எல்லார் முன்னாடியும் சொல்றேன். அந்தக் கல்லுல இருக்க வேண்டியது உங்க பேரு.

— அப்படிச் சொல்லிடக் கூடாதுன்னுதான் உங்களை வரச் சொன்னேன். நான் ஒரு சாதாரண குமாஸ்தா. ரெண்டு வரி லீவு லெட்டருக்கே நாலு காகிதம் கிழிப்பேன். அதெல்லாம் எனக்கு எப்படிம்மா வரும்?

— அப்ப எங்கிருந்து எடுத்தீங்க? ஏதாவது புத்தகத்துல இருந்தா?

— உள்ள வர்ற கடிதமும் என் மேசைக்குத்தான் வரும். அதை மட்டும் பெரிய அதிகாரி திரும்பவும் பாப்பாரு, அதனால ஆகாத வரி ஒண்ணைக்கூட விட முடியாது. மாசம் தவறாம உங்கம்மா நாலு பக்கம் எழுதுவாங்க. நான் கருப்பு மை பூசி முடிச்சா, "நாங்கள் நலம்"ங்கிறதும் உங்க கால் சேதியும் மட்டும்தான் மிஞ்சும். அழிச்ச வரியெல்லாம் அப்படியே போக மனசு வரல. உங்கப்பா எழுதின மாதிரி போட்டு, அவங்க வரியை அவங்களுக்கே திருப்பி அனுப்பிக்கிட்டிருந்தேன்.