விமான ஆட்டத்தின் முதல் பெயர்

என்னைக் கேட்டால், கார் ஓட்டும் ஆட்டங்களில் பழசுதான் நல்லது. ஸ்டியரிங் கனமாக இருக்கும், திருப்பினால் தோள் வலிக்கும், ஓட்டினோம் என்று உடம்புக்குத் தெரியும். இப்போது வருகிறவற்றில் மழை பெய்கிறது, கண்ணாடியில் நீர் வழிகிறது, எல்லாம் அழகுதான். ஆனால் மோதினாலும் வண்டி தானே ரோட்டுக்குத் திரும்பிவிடுகிறது. புதியதில் எனக்குப் பிடித்தது நூறு பேர் பாராசூட்டில் குதிக்கிற ஆட்டம். சுடத் தெரிய வேண்டியதில்லை. புல்லுக்குள் படுத்துக் கிடந்தால் போதும், மற்றவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள்.

பூலோகத்தைப் பற்றி எழுதச் சொன்னீர்கள் சார். இதுவும் அவனைப் பற்றித்தான். தமிழில் எழுதலாமா என்றேன், எழுது, மராத்தியில் மாற்றிக்கொள்கிறோம் என்றீர்கள். என் பெயர் சேசுராஜ், வயது நாற்பத்தெட்டு. வடாலா குடோனில் இருபத்தைந்து வருடம் மூட்டை தூக்கினேன். எழுத்துக் கற்றது நாற்பத்தொரு வயதில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கரீம் பாட்சா காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பார்லர் வைத்திருந்தார். நானும் பூலோகமும் பக்கத்துப் பக்கத்து வீடு, வேலை விட்டால் அங்கேதான் நிற்போம். நாலு மெஷினில் விமான ஆட்டத்தை மட்டும் யாரும் முடித்ததில்லை. கடைசிக் கட்டத்தில் எதிரிக் கப்பல் வெடிக்கும்போது திரை முழுக்க வெள்ளையாகப் பளிச்சுப் பளிச்சென்று அடிக்கும். பூலோகத்துக்கு வலிப்பு உண்டு. அந்த வெளிச்சம் பட்டு இரண்டு தடவை விழுந்திருக்கிறான். அதனால் நான் அந்தக் கட்டத்துக்குப் போனதும் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். “ஏல, முடிஞ்சிட்டா? திரும்பலாமா?” என்று கேட்டுக்கொண்டே நிற்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். மெஷின் பெயர் கேட்டது. இங்கிலீஷில் மூன்று எழுத்து போட வேண்டும். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பூலோகம் அஞ்சாவது வரை படித்தவன்.

“தள்ளுல, நான் போடுதேன்” என்றான்.

“எம் பேரத்தானல போடுத?”

“பின்ன எம் பேரையா போடுவேன், கிறுக்கா?”

சாப்பிடப் போயிருந்த கரீம் பாட்சா திரும்பி வந்தார், திரையில் இருந்ததைப் பார்த்து அப்படியே சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதினார். பிறகு பார்லர் போய் மாவு மில் வந்தது. சுவரை யாரும் வெள்ளையடிக்கவில்லை. இருபத்து நான்கு வருடம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த மூன்று எழுத்தையும் தொட்டுவிட்டுப் போனேன். என் மனைவி ஜாக்குலினின் அப்பா மாப்பிள்ளை பார்க்க வந்தபோது அவருக்கும் அதைத்தான் முதலில் காட்டினேன்.

முதுகு போய் வேலையை விட்டபோது, எங்கள் சர்ச்சில் பூசை முடிந்ததும் எழுத்து வகுப்பு நடத்தினார்கள். தமிழும், ரயில் போர்டு படிக்கிற அளவுக்கு இங்கிலீஷும். ஒன்பதாவது வாரம் மாவு மில் சுவரைப் படித்தேன். பி, ஓ, ஓ.

அதற்குள் பூலோகம் செம்பூரில் கேம் கடை போட்டிருந்தான். எனக்கும் அங்கே எடுபிடி வேலை கொடுத்திருந்தான். பழைய ஆட்டம் எப்படி, புதிய ஆட்டம் எப்படி என்று ஹிந்தியும் தமிழுமாக வாரம் ஒரு வீடியோ போடுவான். கார் ஆட்டத்தைப் பற்றி மேலே எழுதினேனே, அது நான் சொல்லி அவன் பேசியது. விமான ஆட்டத்தை ஒரே காயினில் முடித்த சாம்பியன் நான்தான் என்று சொல்லித்தான் ஒவ்வொரு வீடியோவையும் ஆரம்பிப்பான்.

கேட்டேன். கடையில் ஆள் இருந்தால் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும்.

“அண்ணே, செவுத்துல இருக்கது உங்க பேருல்லா?”

சிரித்தான். “அத இப்பந்தான் வாசிச்சியா? அன்னைக்கு உன்கிட்ட விட்டிருந்தா வெறும் ஏ, ஏ, ஏன்னு தட்டிட்டு வந்திருப்ப. ஆடுனா போதுமால, கையெழுத்துப் போடத் தெரிய வேண்டாமா?”

ஆட வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டீ வாங்கப் போனேன். ஆறு வருடம் டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குக் கோபம் வருவதில்லை சார்.

போன டிசம்பரில் தாராவி பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் அதே விமான ஆட்ட மெஷின் கிடைத்தது. ரிப்பேர் பார்க்க வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். அவனுடைய வீடியோவுக்குக் கீழே, பெயர் சொல்லாமல், ‘முடித்தது நீர்தானே, லைவில் முடித்துக் காட்டும்’ என்று எழுதினேன். ஊருக்கு முன்னால் நான் எழுதிய முதல் வாக்கியம் அது. நாலு நாளில் முந்நூறு பேர் அதையே எழுதினார்கள். அவனால் மறுக்க முடியவில்லை.

பதினோரு வருடமாக அவனுக்கு வலிப்பு வரவில்லை. மாத்திரைதான் காரணம். அதை வாங்கி, அட்டையிலிருந்து உதிர்த்து, டப்பியில் நிரப்புவது என் வேலை. லைவுக்கு முந்தைய மூன்று வாரம் நான் நிரப்பியது வெறும் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. பார்க்க ஒன்றுபோல இருக்கும். நடுவில் ஒரு நாள் கை உதறுகிறது என்றான். தூக்கம் போதவில்லை என்றேன்.

அன்று மதியம் சாப்பிட்ட கையோடு ஆட நின்றான். நன்றாகத்தான் ஆடினான், ஒத்துக்கொள்கிறேன். கடைசிக் கட்டம் வந்ததும் என்னைப் பார்த்தான்.

“ஏல சேசு, வெளிச்சம் அடிக்குமே.”

“மாத்திரதான் போடுதீங்கல்லா, அண்ணே. ஒண்ணும் செய்யாது.”

மூன்றாவது பளிச்சில் விழுந்தான். அவன் மகள் ஷாலினி சாவி, சாவி என்று கத்தினாள். கடைச் சாவிக் கொத்தை அவன் கையில் திணித்து, நாலைந்து பேர் மல்லாக்க அழுத்திப் பிடித்தார்கள். நம் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். இரும்பால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக் குழலுக்குள் போய்விடும் என்று அவனுடைய டாக்டர் எனக்குச் செய்தே காட்டியிருக்கிறார். அங்கே அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லவில்லை. அவன் செத்த வழக்கில் அழுத்திப் பிடித்தவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் உதவி செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

விமானம் தானாகச் சுடுபட்டு ஆட்டம் முடிந்தது. மெஷின் பெயர் கேட்டு, பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தது. அவன் காலைத் தாண்டிப் போய் நிதானமாகப் போட்டேன். எஸ், இ, எஸ். நான்கு விநாடி மிச்சம் இருந்தது.

அவன் எடுத்த பாயிண்டுக்கு உன் பெயரா என்று நேற்று கேட்டீர்கள். மெஷினைத் தேடிப் பிடித்தது நான், துடைத்தது நான், அவனை அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது நான். அவன் பட்டனை மட்டும்தான் சார் அழுத்தினான்.