ஹார்ட்னர் கலந்த வெள்ளை

கப்போர்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்னு யாராவது கேட்டா, கலரைப் பத்தி நான் பேசவே மாட்டேன் சார். வீடு கடலுக்கு எவ்வளவு கிட்டன்னுதான் முதல்ல கேப்பேன். ராமநாதபுரத்துக்குள்ள அடிக்கிறது வேற, புதுமடத்துல அடிக்கிறது வேற. அங்கன உப்புக்காத்து எந்நேரமும் வீட்டுக்குள்ள வந்துக்கிட்டே இருக்கும். கதவுக் கீலு துருப்பிடிக்கும், பலகை ஊறும், சாதா பெயிண்டுன்னா விளிம்புல சீக்கிரமே உரிய ஆரம்பிச்சிரும். நம்ம கை பட்ட வேலை உரிஞ்சு தொங்குறதப் பாத்தா எனக்குச் சோறு இறங்காது.

நாகலெட்சுமி குடுத்த புகாரை வாசிச்சுக் காட்டுனீங்க. அது என் தம்பி பொண்டாட்டி. அது மேல எனக்குக் கோவம் கிடையாது. ஆனா நான் கவனக்குறைவா இருந்து தம்பி சாவுக்குக் காரணமாயிட்டேன்னு அதுல எழுதியிருக்கு. அதை மட்டும் நான் ஒத்துக்க முடியாது. சோணைமுத்து வேலையில கவனம் இல்லாதவன்னு இந்தச் சீமையில ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். அதுக்காகத்தான் வாயத் திறக்கேன். இல்லாட்டி பேசாம இருந்திருப்பேன்.

எங்களுக்கு நயினார்கோவில் பக்கம் சார். வானம் பாத்த பூமி. எங்க அய்யாவும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேந்தப்ப என் தம்பி முத்தழகு பொடிப்பயலா இருந்தான். நான்தான் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ஆளாக்குனேன். மதுரையில ஒரு பீரோ பட்டறையில ஸ்ப்ரே பழகிக்கிட்டு வந்து, அவன் வளந்ததும் அவனையும் தொழில்ல சேத்துக்கிட்டேன். எனக்குப் பொண்ணு குடுக்க வந்தவங்கள நானே திருப்பி அனுப்பிட்டேன். வாரவ அவன எப்படி வச்சிருப்பாளோன்னு பயம். தேவிபட்டினத்துல பொண்ணு எடுத்து அவனுக்கு முடிச்சு வச்சதும் நான்தான். அதுக்கப்புறமும் ஒரே வீடு, ஒரே உலை. வேலை விட்டு வந்தா, 'அண்ணே, முதுகு தேச்சு விடுண்ணே'ன்னு வந்து உக்காருவான். அதுக்கு மேல எனக்கு என்ன சார் வேணும்.

பி.யூ.ன்னு ஒரு பெயிண்ட் இருக்கு. ரெண்டு டப்பாவா வரும். ஒண்ணு பெயிண்ட், இன்னொண்ணு ஹார்ட்னர். ரெண்டையும் கலந்து அடிச்சா அப்படியே இறுகிப் போகும். உப்பு, தண்ணி, எண்ணெய்ப் பிசுக்கு, எதுக்கும் அசையாது. ஒரே ஒரு தொல்லை, அந்தப் புகை நெஞ்சுக்குள்ள போகும். சில பேருக்கு ஆயுசுக்கும் ஒண்ணும் பண்ணாது, எனக்குப் பண்ணாத மாதிரி. சில பேரைப் பிடிச்சுக்கும். பிடிச்சுட்டா, பெறகு லேசா பட்டாலே மூச்சு அடைக்கும். நம்ம ஆளுக என்ன பண்ணுவாங்கன்னா, மூக்குல ஈரத்துண்டக் கட்டிக்கிட்டு அடிப்பாங்க. முடிஞ்சதும் ஒரு துண்டு கருப்பட்டியக் கடிச்சுக்குவாங்க, உள்ள போனத எல்லாம் கழுவி இறக்கிரும்னு. நாங்களும் அப்படித்தான் நம்பிக்கிட்டுத் திரிஞ்சோம்.

போன வருசம் உச்சிப்புளியில ஒரு வீட்டுல அந்தப் புகை முத்தழகப் பிடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் எங்க எல்லாரையும் வச்சுக்கிட்டே சொன்னாரு. ஈரத்துண்டு தூசிக்குத்தான் ஆகும், கருப்பட்டி நாக்குக்குத்தான் ஆகும், இனிமே இவன் அந்த ஹார்ட்னர் பக்கமே தலை வைக்கக் கூடாது, அடுத்த தடவை மூச்சு திரும்பாதுன்னு. எனக்கு நல்லாப் புரிஞ்சுது. படுத்துக் கெடந்த நாளெல்லாம் என் கையப் பிடிச்சவன் விடலை. 'போயிராதண்ணே'ன்னு முனகிக்கிட்டே கெடந்தான். நான் கஞ்சி ஊத்துனாத்தான் குடிச்சான். உள்ளதச் சொல்றேன் சார், நான் சந்தோசமா இருந்த நாளுன்னா அதுதான்.

தேறி வந்ததுக்கப்புறம் பட்டி பாக்குறது, தேய்க்கிறது, ஹார்ட்னர் இல்லாத சாதா எனாமல் அடிக்கிறதுன்னு மட்டும் குடுத்தேன். அப்பத்தான் நாகலெட்சுமியோட அண்ணன் பொன்னுச்சாமி திருப்பூர்லருந்து ஆள் விட்டான், பனியன் கம்பெனியில மச்சானுக்கு இடம் பாத்திருக்கேன்னு. முத்தழகு சாப்புடும்போது சொன்னான். 'ஆவணி பொறந்ததும் நாங்க ரெண்டு பேரும் போறோம்ணே. இந்தத் தொழில் எனக்கு ஒத்துவராது. நீயும் வாயேன்.' நான் நல்லதுடான்னேன். அன்னைக்கு ரசம் நல்லா இருந்துச்சு, ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன்.

ஆடி கடைசியில புதுமடத்து வேலை வந்துச்சு. பாக்கர்னு ஒருத்தர் புதுசா கட்டுன வீடு. அடுப்படிச் சுவத்தோட சேத்தே கப்போர்டு, எல்லாம் வெள்ளை. அவர் சம்சாரம் உம்மு ஹபீபாகிட்ட, பி.யூ. அடிச்சாத்தான் நிக்கும்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். முத்தழகு குறுக்க விழுந்து, 'அக்கா, எனக்கு அது ஆகாதுக்கா'ன்னுட்டான். அந்தம்மா உடனே, 'அப்ப அது எங்க வீட்டுக்கு வேணாம்ண்ணே. அல்லாஹ் குடுத்த உயிரவிட அலமாரி பெருசா? எனாமலே அடிங்க, மங்குனா மங்கிட்டுப் போகுது'ன்னாங்க. நல்ல மனுசி. சரிம்மான்னுட்டு வந்தேன்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. எனாமல் காய நேரம் பிடிக்கும். கடக்கரை மண்ணு பூரா அதுல வந்து ஒட்டும். தடவிப் பாத்தா நறநறங்கும். என் மனசு ஒப்பல. பி.யூ.வை வாங்கி, எங்க வீட்டு ஓலைச் செட்டுல வச்சே ஹார்ட்னரைக் கலந்து, எனாமல் டப்பாவுல ஊத்திக் கொண்டுபோனேன். பாக்கர் குடும்பம் ஒரு நிக்காஹுக்குக் கீழக்கரை போற நாளாப் பாத்துத்தான் அடிக்கிறதுக்கு வச்சேன். 'வாடை ஒரு மாதிரி இருக்கேண்ணே'ன்னான் முத்தழகு. புதுத் தின்னருடான்னேன். நான் சொன்னா மறுபேச்சு கிடையாது அவனுக்கு, சின்னதுலருந்தே அப்படித்தான். துண்ட நனைச்சு மூக்குல நானே கட்டிவிட்டேன்.

சன்னல அடைச்சு ஈரச்சாக்கு தொங்கவிட்டாச்சு. அவன் உள்ள போனதும் கதவ இழுத்துக் கொண்டி போட்டு, கதவு இடுக்குல வெளிய இருந்து டேப் ஒட்டினேன். மண்ணு வந்துரக் கூடாதுல்ல. நீங்க போய் அந்தக் கப்போர்டைத் தடவிப் பாருங்க, ஒரு பொடி இருக்காது. இதையா சார் கவனக்குறைவுங்கிறீங்க?

நான் வெளிய, ஸ்ப்ரேக்குக் காத்தடிக்கிற கம்ப்ரஸர் பக்கத்துல நின்னேன். முதல்ல இருமல் கேட்டுச்சு. பெறகு ஸ்ப்ரே சத்தம் நின்னு போச்சு. கதவத் தட்டுனான். 'அண்ணே, திறண்ணே'ன்னான். நான் கம்ப்ரஸரை அமத்திட்டு, கதவுக்கிட்ட வந்து, கொண்டி மேல கைய வச்சுக்கிட்டு நின்னேன்.

கொல்லணும்னு நான் நினைக்கலை சார். அப்படி நினைக்கிறவன் மனுசனா? என் கணக்கு வேற. உச்சிப்புளியில பட்டதவிடக் கொஞ்சம் கூடப் பட்டா, திருப்பூருக்குப் போற தெம்பு இருக்காது. சீக்காளியப் பொன்னுச்சாமி வேலைக்கு வச்சுக்க மாட்டான். நாகலெட்சுமி இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டும். நான் வச்சுக் கஞ்சி ஊத்திக்கிருவேன், ஆயுசுக்கும். சட்டுனு திறந்தா சட்டுனு தேறிருவானேன்னுதான் நின்னேன். டாக்டர் சொன்னது மறந்து போகலை. டாக்டருங்க எப்பவும் கூட்டித்தான் சொல்லுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். தட்டுறது லேசாகி, நின்னுச்சு. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் திறந்தேன்.

அவன் உதடு நீலம் பாரிச்சுப் போயிருந்துச்சு. அள்ளித் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனேன். பேச்சு வரலை அவனுக்கு. ரெண்டு கையாலயும் என் கழுத்தக் கட்டிக்கிட்டான், உயிர் போறவரைக்கும் விடலை. திருப்பூருக்குப் போகணும்னது எல்லாம் நாகலெட்சுமி சொல்லிக் குடுத்த பேச்சு சார். என் தம்பிக்கு என்னைய விட்டுப் போக மனசே இல்ல.